அக்கா நடந்தது கணக்கில் இல்லை

போன தீபாவளிக்கு என் மகன் எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்தான். அதே கம்பெனியில், அதே மாடலில் அக்காவுக்கு அவள் மகளும் ஒன்று வாங்கித் தந்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் பேசி வைத்துச் செய்த காரியம். எங்கள் இருவருக்குமே இனிப்பு நீர். அம்மாவுக்கும் இருந்தது; கடைசி நாலு வருடம் வலது காலில் இரண்டு விரல் இல்லாமல்தான் நடமாடினார். அந்தப் பயம் பேரப்பிள்ளைகள் மனசில் அப்படியே இருக்கிறது. "நீங்க நடங்கம்மா, எவ்வளவு கலோரி எரிஞ்சதுன்னு அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிடும்" என்றான் மகன். அவன் அக்கறையில் ஒரு குறையும் இல்லை. என் ஆற்றாமையெல்லாம் அந்தக் கடிகாரம் காட்டுகிற ஒரேயொரு எண்ணின் மேல்.

நான் இருப்பது கூலிம் பட்டணத்தை ஒட்டிய ஒரு தாமானில். காலை ஆறரைக்கு, தெருவிளக்கு அணைவதற்கு முன்பே, பக்கத்து வீட்டு டீச்சரும் நானும் கிளம்பிவிடுவோம். தாமானைச் சுற்றி வந்து, கடைத்தெரு வழியாகப் போய், கோயில் வாசலில் திரும்பினால் ஐந்து கிலோமீட்டர். ஒரு மணி நேரம் ஆகும். டீச்சர் கையில் இருப்பது வேறு கம்பெனிக் கடிகாரம். அவருக்கும் எனக்கும் வயதும் எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு நாள் வீட்டு வாசலில் நின்று இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எனக்கு 412 கலோரி. அவருக்கு 263. ஒன்றாகக் கிளம்பி, பேசிக்கொண்டே ஒன்றாக நடந்து, ஒன்றாகத் திரும்பியவர்கள் நாங்கள்.

நான் என் கையில் இருந்த 412-ஐத்தான் நம்பினேன். அது "நானூறு பக்கம் இருக்கும்" என்று சொல்லவில்லை. 412 என்றது. கடைசி இலக்கம் வரைக்கும் சொல்கிற ஒன்று அளந்து பார்த்துத்தானே சொல்லும்? பசாரில் மீன்காரர் தராசு 412 என்று காட்டினால், அங்கே 412 கிராம் மீன் இருக்கிறது என்று அர்த்தம். மணிக்கட்டில் தெரிகிற எண்ணையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அதோடு சேர்ந்து கைப்பேசியில் வருகிற செயலி இன்னொரு காரியம் செய்தது. நடந்த கலோரியை அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் வரவு வைத்தது. இவ்வளவு எரித்துவிட்டீர்கள், இன்னும் இவ்வளவு சாப்பிடலாம் என்று பச்சை எழுத்தில் காட்டியது. மாமாக் கடையில் ஒரு ரொட்டி சானாய் சுமார் 300 கலோரி, கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் நூறுக்கு மேல். இரண்டையும் கூட்டினால் 412-க்குக் கிட்டத்தட்டச் சரியாக வந்தது. வருடக்கணக்காக ஒதுக்கி வைத்திருந்த ரொட்டி சானாயை, நடந்த நாளில் மட்டும் ஒன்று என்று திரும்பவும் சாப்பிட ஆரம்பித்தேன்.

மூன்று மாதம் கழித்துக் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 7.4-இல் இருந்தது 8.1 ஆகியிருந்தது. எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. "தினமும் நடக்கிறேன்னு சொல்றீங்க, எடை ஏறியிருக்கே அக்கா" என்றார் மிஸ்ஸி. கைப்பேசியை எடுத்து மூன்று மாதக் கணக்கையும் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இதைப் பார்த்தா சாப்பிட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குத் தொண்டையை அடைத்தது. நான் சோம்பி உட்காரவில்லை. மழை நாள் தவிர ஒரு நாள்கூட விடவில்லை. சொன்னதைச் செய்தும் கெட்டுப் போனதுதான் தாங்கவில்லை.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன்.

எந்த வேலைக்கு எவ்வளவு சக்தி செலவாகும் என்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெரிய பட்டியல் வைத்திருக்கிறார்கள். 1993-இல் அமெரிக்காவில் முதலில் வந்தது. 2011-லும் 2024-லும் திருத்தி வெளியிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதை ஒன்று என்று வைத்துக்கொண்டால், சமதரையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பது சுமார் மூன்றரை. என் எடை 68 கிலோ. பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு 238 கலோரி. அதிலும் 68 கலோரி நான் நாற்காலியில் சாய்ந்து கிடந்திருந்தாலும் செலவாகியிருக்கும். ஆக, நடந்ததால் மட்டும் செலவானது 170. கடிகாரம் சொன்னது 412. ஒரு நாளைக்கு 242 கலோரி அதிகம். முப்பது நாளுக்கு 7,260. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு 7,700 கலோரி என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. உடம்பு கணக்குப் புத்தகம் மாதிரி நடந்துகொள்வதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டு கிலோ எந்த வழியாக வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பட்டியலிலேயே எங்களுக்குப் பொருந்தாத ஒன்று இருக்கிறது. உட்கார்ந்திருக்கிற "ஒன்று" என்ற அளவு, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு மூன்றரை மில்லிலிட்டர் ஆக்சிஜன். 70 கிலோ எடையும் 40 வயதும் உள்ள ஓர் ஆணின் உடம்பிலிருந்து வந்த அளவு என்கிறார்கள். 2005-இல் ஆஸ்திரேலியாவில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை அளந்து பார்த்தபோது சராசரி அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. அதற்கும் முன்பே நம் நாட்டில் பார்த்துவிட்டார்கள். மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 656 மலேசியர்களின் ஓய்வுநிலைச் சக்திச் செலவை அளந்து, 1998-இல் மலேசிய ஊட்டச்சத்து இதழில் வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் 1985-இல் தந்த சூத்திரம், மலேசிய ஆண்களுக்கு 13 விழுக்காடும் பெண்களுக்கு 9 விழுக்காடும் கூட்டிச் சொல்கிறது என்று கண்டார்கள். அந்த உலகச் சூத்திரத்துக்கு எடுத்த உடம்புகளில் கிட்டத்தட்டப் பாதி இத்தாலியர்களுடையவை. நம்மவர்களுக்கென்று தனிச் சூத்திரமும் எழுதித் தந்தார்கள். அது வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. என் கடிகாரத்துக்குள் எந்தச் சூத்திரம் ஓடுகிறது என்று பெட்டியிலும் இல்லை, கூட வந்த தாளிலும் இல்லை. உயரம் கேட்டது, எடை கேட்டது, வயது கேட்டது, ஆணா பெண்ணா என்று கேட்டது. என் உடம்பு எப்படிப்பட்ட உடம்பு என்று கேட்க அதனிடம் ஒரு கேள்வியும் இல்லை.

கலோரியை உண்மையாக அளக்கிற முறை வேறு. முகத்தில் மூடி மாட்டி, உள்ளே போகிற ஆக்சிஜனையும் வெளியே வருகிற கரியமில வாயுவையும் அளப்பார்கள். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் சுமார் ஐந்து கலோரி எரிந்திருக்கிறது. உடம்பும் அடுப்பு மாதிரிதான். காற்று எவ்வளவு போகிறதோ அவ்வளவுதான் எரியும். மணிக்கட்டில் இருக்கிற சாமான் நம் மூச்சைப் பார்ப்பதே இல்லை. கை அசைவதைப் பார்க்கிறது. தோலுக்குள் பச்சை வெளிச்சம் பாய்ச்சி, ரத்தம் துடிக்கத் துடிக்க அந்த வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று பார்த்து நாடித்துடிப்பை எண்ணுகிறது. இந்த இரண்டையும், நாம் கொடுத்த வயதையும் எடையையும் வைத்து, இவ்வளவு எரிந்திருக்கும் என்று ஊகிக்கிறது.

நம் ஊரில் அந்த ஊகம் எங்கே தவறும் என்பதை நடந்து பார்த்தால் தெரியும். காலை எட்டு மணிக்கே கூலிமில் புழுக்கம் ஆளை அழுத்தும். வியர்வை காயாது. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு ஓட வேண்டும். அதற்காக இதயம் கூடுதலாக அடிக்கும். வேலை அதேதான், துடிப்பு மட்டும் கூடும். கடிகாரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. துடிப்பு கூடியதும் நாம் அதிகமாக உழைக்கிறோம் என்று எடுத்துக்கொள்கிறது. மழை பெய்து ஓய்ந்த காலையில் அதே பாதைக்கு 350 காட்டியதை நானே குறித்து வைத்திருக்கிறேன். வெயில் ஏறிய ஞாயிற்றுக்கிழமைகளில் 440-க்கு மேல் போனது. என் காலும் அதே, பாதையும் அதே.

எனக்கு அது கூட்டிச் சொன்னது. அக்காவுக்குச் செய்ததுதான் இதைவிட மோசம்.

அக்கா தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்கிறாள். 1996-இல் ஹைடெக் பார்க் வந்த பிறகு இந்த வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வந்த பல பெண்களுக்குப் பிழைப்பு அங்கேதான். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. காலை ஆறரைக்குப் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். வேலை முழுக்க ஒரு தள்ளுவண்டியோடுதான்: வாளி, துடைப்பம், மருந்துத் தண்ணீர், குப்பைப் பை எல்லாம் அதில் இருக்கும். ஒரு கூடத்தின் கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடப்பாள். கை அசையாது. கை அசையாவிட்டால் மணிக்கட்டுக் கடிகாரத்துக்கு அடி விழுவது சரியாகத் தெரிவதில்லை. பேரங்காடியில் தள்ளுவண்டியோடு ஒரு சுற்று வந்து பாருங்கள், உங்கள் கடிகாரமே காட்டிக் கொடுக்கும். அதே கடிகாரம், நான் வீட்டில் உட்கார்ந்து முறுக்குக்கு மாவு பிசைந்தபோது அறுநூறு அடி நடந்ததாக எழுதி வைத்திருந்தது.

அக்காவுக்கு ரத்த அழுத்தமும் உண்டு. அதற்குக் கொடுக்கிற மாத்திரைகளில் ஒன்று இதயத் துடிப்பைக் குறைக்கிற வகை. எவ்வளவு உழைத்தாலும் அவள் நாடி ஓர் அளவுக்கு மேல் ஏறாது. கை அசைவும் இல்லை, துடிப்பும் ஏறவில்லை. இரண்டையும் பார்த்த கடிகாரம் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று முடிவு செய்தது. பன்னிரண்டு மணி நேரம் முடிந்து பஸ்ஸில் ஏறும்போது 3,100 அடி, 140 கலோரி. அதற்கு மேல், மணிக்கு ஒரு தடவை அதிர்ந்து "எழுந்து நடங்கள்" என்று வேறு சொல்லும். வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கிற பெண்ணிடம் சொல்கிறது.

அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. தன்மேல்தான் குறை என்று எடுத்துக்கொண்டாள். 10,000 அடி நடக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, தான் மூன்றாயிரத்தில் நிற்கிறோமே என்று வெட்கப்பட்டிருக்கிறாள். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்கு இப்போதுதான் தெரியும். தோக்கியோ ஒலிம்பிக் முடிந்த அடுத்த வருடம், 1965-இல், ஜப்பானியக் கம்பெனி ஒன்று இடுப்பில் மாட்டுகிற அடியெண்ணி விற்றது. அதற்கு வைத்த பேருக்கே "பத்தாயிரம் அடி அளவி" என்று பொருள். ஒரு சாமானை விற்க வைத்த பேர் என் அக்காவுக்கு மருத்துவர் கட்டளையாக வந்து சேர்ந்தது. இரவு ஏழரைக்கு வீட்டுக்கு வந்து, சோறு ஆக்கி வைத்துவிட்டு, கணக்கை நிரப்ப வீட்டு வாசலிலிருந்து சாலை முனை வரைக்கும் முன்னும் பின்னும் நடந்திருக்கிறாள். இரண்டு மாதம். முட்டி வீங்கிப் படியேற முடியாமல் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நான் சத்தம் போட்டேன். அவள் அழவில்லை. கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "பாப்பா, அப்ப நான் நாளெல்லாம் அங்க நடந்தது எதுல சேர்ந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த ராத்திரி எனக்கு அம்மா ஞாபகம்தான். பாடாங் செராய் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவார். குனிந்து குனிந்து பால்மரம் வெட்டி, பிறகு மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டாவில் இரண்டு பக்கமும் வாளி தொங்க ஸ்டோருக்குத் தூக்கி வருவார். ஒரு கை காண்டா மேலேயே இருக்கும். அந்தக் கையில் இந்தக் கடிகாரத்தைக் கட்டியிருந்தால் அம்மாவையும் சோம்பேறி என்று எழுதியிருக்கும். அவர் உடம்பு பட்ட பாட்டை அன்றைக்கும் யாரும் எழுதி வைக்கவில்லை. கிராணி எழுதியது பாலின் எடையை. இன்றைக்கு எழுதி வைக்க ஒரு கருவி வந்திருக்கிறது என்று பிள்ளைகள் நம்பி வாங்கினார்கள். அதுவும் தள்ளுவண்டி தள்ளுகிறவளை விட்டுவிட்டுக் கையை வீசி நடக்கிறவளைத்தான் எண்ணுகிறது. இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இது எங்கள் இரண்டு கடிகாரத்தின் கோளாறு மட்டுமென்றால் மாற்றிக் கேட்டிருப்பேன். 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 60 பேருக்கு ஏழு வகைக் கருவிகளை மாட்டி நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் விட்டார்கள். ஆப்பிள் வாட்ச், ஃபிட்பிட் சர்ஜ், சாம்சங் கியர் எஸ்2 எல்லாம் அதில் இருந்தன. மூச்சுக் காற்றையும் அளந்து ஒப்பிட்டார்கள். ஏழில் ஆறு, இதயத் துடிப்பை ஐந்து விழுக்காட்டுக்குள்ளான பிழையோடு சரியாகவே சொன்னது. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதில் நல்லதே சராசரியாக 27 விழுக்காடு தவறு. மோசமானது 93 விழுக்காடு. கறுத்த தோலிலும், பருத்த உடம்பிலும் துடிப்பை எண்ணுவதிலேயே பிழை கூடியதாகவும் அதில் எழுதியிருந்தார்கள். தோல் நிறத்தைப் பற்றி 2020-இல் டியூக் பல்கலைக்கழகத்தார் செய்த சோதனை வேறு மாதிரி வந்தது: நிறத்தால் பெரிய வித்தியாசம் இல்லை, உடம்பு அசையும்போதுதான் பிழை ஏறுகிறது என்றார்கள். சரி, அது ஆறுதல்தான். ஆனால் உடம்பு அசையும் நேரத்துக்குத்தானே இதைக் கட்டுகிறோம்?

அந்த மாடல்களெல்லாம் பழையவை, இப்போது மேம்பட்டிருக்கிறது என்று மகன் சொன்னான். மேம்பட்டிருக்கலாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்த கட்டுரையும், கருவிக்குக் கருவி, பயிற்சிக்குப் பயிற்சி துல்லியம் மாறிக்கொண்டே போகிறது என்றுதான் சொல்கிறது. டீச்சர் கடிகாரமும் என் கடிகாரமும் பழையவை அல்ல. வாசலில் நின்று 149 கலோரி வித்தியாசத்தை நாங்களே பார்த்தோம். 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த இன்னோர் ஆய்வு என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது. 471 பேர், இரண்டு வருடம். எல்லாருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு. அதில் ஒரு பகுதியினருக்கு உடலில் மாட்டுகிற கருவியையும் கொடுத்தார்கள். கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்தார்கள். கருவி மாட்டியவர்கள் 3.5 கிலோ. ஏன் என்று அந்த ஆய்வு உறுதியாகச் சொல்லவில்லை. மாமாக் கடை மேசையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்த எனக்கு ஒரு காரணம் தெரியும்.

இதெல்லாம் பணக்காரர் வீட்டு விளையாட்டுச் சாமான் என்று விட்டுவிடலாம் என்றால், நம் நிலைமை அப்படி இல்லை. 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர். என் தெருவில் எண்ணினாலே அந்தக் கணக்கு வந்துவிடும். டயாலிசிஸுக்கு வாரம் மூன்று தடவை போகிறவர்கள் இரண்டு வீட்டில் இருக்கிறார்கள். இந்த மக்கள்தான் பயந்துபோய், பிள்ளைகள் சொல்லி, மாதத் தவணையில்கூட இந்தக் கடிகாரத்தை வாங்கிக் கட்டுகிறார்கள். அவர்களுக்கு 200 கலோரி தவறு சின்ன விஷயமில்லை. அது ஒரு வேளைச் சாப்பாடு. இன்சுலின் போடுகிறவருக்கு அதைவிடவும் பெரிது.

நான் கேட்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லட்டும். 412 என்று காட்டுகிற இடத்தில் "170 முதல் 410-க்குள் இருக்கலாம்" என்று காட்டட்டும். அப்படிக் காட்டியிருந்தால் நான் ரொட்டி சானாய் கேட்டிருக்க மாட்டேன். தள்ளுவண்டி, சைக்கிள், சுமை, இந்த நேரங்களில் என் எண்ணிக்கை தவறும் என்று திரையில் ஒரு வரி போடட்டும். அக்கா அதைப் படித்திருந்தால் ராத்திரியில் அந்தச் சாலையில் நடந்திருக்க மாட்டாள். நடந்த கலோரியைச் சாப்பாட்டுக் கணக்கில் வரவு வைக்கிற அந்தப் பச்சை எழுத்தை, இனிப்பு நீர் உள்ளவர்களுக்காவது எடுத்துவிடட்டும். இதை அந்தக் கம்பெனியின் உதவிப் பக்கத்தில் மலாயில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை எழுதி அனுப்பினேன். உங்கள் கருத்துக்கு நன்றி, உங்கள் எடை விவரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. எடை சரியாகத்தான் இருக்கிறது. கிளினிக் தராசில் நின்று பார்த்துப் போட்ட எடை.

கடிகாரத்தை நான் தூக்கிப் போடவில்லை. துடிப்பையும் நேரத்தையும் பார்ப்பதற்கு அது உதவுகிறது. கலோரி வருகிற பக்கத்தை எடுத்துவிட மகன் முயன்று பார்த்தான். முகப்பிலிருந்து போனது, செயலியிலிருந்து போகவில்லை. இப்போது மிஸ்ஸி கேட்டால் எத்தனை நிமிடம் நடந்தேன் என்று மட்டும் சொல்கிறேன். ரொட்டி சானாய் நின்றுவிட்டது. போன தடவை சராசரி 7.6.

அக்கா கடிகாரம் அலமாரியில் இருக்கிறது. மகள் மனசு நோகும் என்று, அவள் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுத்துக் கட்டிக்கொள்கிறாள். வேலைக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். இடது முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு அதே வண்டியைத் தள்ளுகிறாள். வருகிற வியாழக்கிழமை முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போகிறேன்.